கடலையும் களையும்

நவராத்திரியின் நிறைவு நாளில் எமது பாடசாலையிலே கடலை அவித்துப் படைப்பது நெடுநாள் வழக்கம். முதல்நாள் மாலையில் மாணவர் சிலர் சுளகுகளுடன் மண்டபத்தில் அமர்ந்து, கடையில் வாங்கிய கடலையைப் புடைத்துக் கல்லும் தூசும் நீக்குவர். அவ்வாறு புடைத்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, மிளகிலும் சிறிய கரிய விதை ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தாள். "சேர், இது என்ன விதை? சுளகுக்கு இரண்டு மூன்று கிடக்கின்றனவே" என்று வினவினாள்.

நான் கலைப்பட்டதாரி, விதைகளைக் கண்டு குலங்கூறும் ஆற்றல் எனக்கில்லை. விவசாய பாடம் கற்பிக்கும் ஆசிரியரிடம் காட்டினேன். அவர் அதனை விரலால் உருட்டிப் பார்த்து, "இது விசியா என்னும் ஒரு கொடியின் விதை. கடலைவயலிலே கடலையோடு முளைத்து, கடலையோடு காய்த்து, கடலையோடு மூடையேறி வந்திருக்கின்றது" என்றார். நமக்கு இது சுளகோடு போகும் தொல்லை. அக்கடலையை விளைவித்த உழவனுக்கோ அது வாழ்வோடு தொடர்புடைய தொல்லை. அத்தொல்லையை நீக்க வந்த களைக்கொல்லி மருந்துகள் யாவை, அவை எங்ஙனம் தொழிற்படுகின்றன, எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிற் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் கச்சான் என்று கூறுவதனைத் தமிழ்நாட்டார் நிலக்கடலை என்பர். நாம் வெறுமனே கடலை என்று கூறுவதனை அவர்கள் கொண்டைக்கடலை என்பர். நாம் பேசப்போவது இக்கொண்டைக்கடலையைப் பற்றியே. கோயில் வீதியிலும் பேருந்து நிலையத்திலும் தேங்காய்ச் சொட்டோடும் செத்தல் மிளகாயோடும் தாளித்து விற்கப்படும் இப்பண்டம், நம் நாட்டுக்குக் கப்பலேறியே வருகின்றது. தென்கிழக்குத் துருக்கியிலே அதன் காட்டு மூதாதை இன்றும் வளர்கின்றது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி மக்கள் அதனைப் பயிராக்கினர் என்பது அறிஞர் துணிபு. இன்றோ உலகில் விளையும் கடலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது இந்தியாவிலேதான் விளைகின்றது. மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராசத்தான், கருநாடகம் முதலிய மாநிலங்களின் கரிசல் நிலங்களிலும் வறண்ட சமவெளிகளிலும், மழைக்காலம் முடிந்தபின், ஒக்டோபர் நவம்பர் மாதங்களில் இதனை விதைப்பர். பெரும்பாலும் நீர் பாய்ச்சுவதில்லை. பெய்து ஓய்ந்த மழை மண்ணிலே விட்டுச்சென்ற ஈரத்தைக் குடித்தே பயிர் வளரவேண்டும். பெப்ரவரி முதலாக அறுவடை நிகழும்.

இந்த ஈரமே வழக்கின் மூலம் என்க. மண்ணிலுள்ள ஈரம் ஒரு குடத்து நீரைப் போன்றது, குறையுமேயன்றிக் கூடாது. அதனைக் கடலையும் குடிக்கும், களையும் குடிக்கும். களை முந்திக்கொண்டால் கடலைக்கு மிச்சமில்லை.

களை முந்திக்கொள்ளுதலும் எளிது. கடலைச்செடி இயல்பிலேயே குட்டையானது. முழங்கால் உயரமே வளர்வது. இலைகள் மிகச் சிறியவை. குளிர்காலத்தில் முளைப்பதாகையால் முதல் ஒரு மாதம் மிக மெல்ல வளரும். நெல்லைப்போல நெருங்கி நின்று நிலத்தை மூடி நிழலாக்கும் வல்லமை அதற்கில்லை. வரிசைக்கு வரிசை விடப்படும் ஓரடி இடைவெளி வெட்டவெளியாகவே கிடக்கும். அவ்வெளியிலே அறுகும் கோரையும் படரும். சக்கரவர்த்திக்கீரை எழும். வடநாட்டார் பதுவா என்று கூறிக் குளிர்காலத்திற் கீரையாக உண்பதும் அதுவே. எனினும் கடலைவயலில் அது கொடுங்களை. ஒரு செடியே பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவ்விதைகளிற் பல மண்ணுக்குள் ஆண்டாண்டாக உறங்கிக் கிடந்து பின்னர் முளைக்கும். "ஓர் ஆண்டு விதை, ஏழாண்டுக் களை" என்னும் கருத்துப்படக் கமக்காரர் பல நாடுகளிற் பேசுவது மிகையன்று.

விதைத்த 30ஆம் நாள் தொடக்கம் 60ஆம் நாள் வரை உள்ள காலமே கடலைக்கு மிகவும் இக்கட்டான காலம் என்று வேளாண்மை ஆராய்ச்சியாளர் வரையறுத்துள்ளனர். அக்காலத்திற் களையெடாது விட்ட வயல்களில் விளைச்சலின் 40 வீதத்துக்கும் அதிகமாகவும், களை மிகுந்த இடங்களில் முக்காற்பங்குக்கு மேலாகவும் இழப்பு ஏற்பட்டமை பல சோதனைகளிற் கண்டறியப்பட்டுள்ளது. பூச்சி தின்றால் ஓட்டை தெரியும். நோய் வந்தால் இலை வாடும். களை செய்யும் களவோ கண்ணுக்குத் தெரிவதில்லை. வயல் பச்சையாகவே தோன்றும். களத்திலே மூடைகளை எண்ணும்போதே உண்மை வெளிப்படும்.

இதற்குப் பண்டுதொட்டு வந்த மருந்து கைதான். 25, 30 நாளில் ஒருமுறையும், 50, 60 நாளில் மறுமுறையும் இருந்து களை பறிப்பர். இந்திய வயல்களிலே இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். கடலையிலை தன்மேற் புளிப்பான நீரைக் கசிவது. பனிபடிந்த காலையில் அச்செடிகளூடே குந்தியிருந்து பகல் முழுதும் பறிப்பது இலேசான தொழிலன்று. அன்றியும் எல்லா வயல்களுக்கும் ஒரே வாரத்திற் கை தேவைப்படுதலின் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. உரிய வாரம் தவறினாற் பின்னர் பறித்துப் பயனில்லை. இந்நிலையிலேதான் உழவன் களைக்கொல்லியை நாடுகின்றான். அவனைச் சோம்பேறி என்று பழிப்பது அறியாமை.

ஆயின் இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. களையும் செடி, கடலையும் செடி. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றை எங்ஙனம் விடுகின்றது? இக்கேள்வியை நான் புத்தகத்திற் படிக்கவில்லை. என் பிழையொன்றின் வாயிலாகக் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலைத் தோட்டத்தில் மாணவர்கள் 8 பாத்திகளிற் பயற்றை நட்டிருந்தனர். கொடி ஏறிப் பூக்கும் பருவம். இலைகளிற் பூச்சி கண்டது. வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம் என்று நான் கூறினேன். எம்மிடம் தெளிகருவி இல்லை; அயலிலுள்ள நெற்கமக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினோம். ஒருமுறை தண்ணீர் விட்டு அலசினாற் போதும் என்று கூறியவனும் நானே. சனிக்கிழமை தெளித்தோம். புதன்கிழமை கொடிகளின் நுனிகள் முறுக்கிக்கொண்டன. இலைகள் கிண்ணம்போலக் குவிந்தன. பத்து நாளிற் பாத்திகள் எட்டும் பாழாயின. பக்கத்துப் பாத்தியில் அதே நாளில் அதே கருவியாற் தெளிக்கப்பட்ட சோளத்துக்கோ ஒரு தீங்கும் இல்லை. விசாரித்தபோது, அக்கருவியினால் முன்னர் நெல்வயலுக்கு எம்.சி.பி.ஏ. என்னும் களைக்கொல்லி தெளிக்கப்பட்டமை தெரியவந்தது. குழாயிலும் வடியிலும் எஞ்சியிருந்த சில துளிகளே எங்கள் பயற்றையை முடித்துவிட்டன. தோட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த மாணவன் அழவில்லை, "மருந்துக்குச் சோளத்தையும் பயற்றையையும் எப்படித் தெரியும், சேர்?" என்று மட்டும் கேட்டான்.

மருந்துக்கு ஒன்றும் தெரியாது என்பதே விடை. எது பயிர், எது களை என்பது மனிதன் வகுத்த பிரிவு. மருந்து அறிவது தாவரத்தின் உடலமைப்பை மட்டுமே. எம்.சி.பி.ஏ.யும், இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் கண்டுபிடிக்கப்பட்டு 1945 தொடக்கம் விற்பனைக்கு வந்த 2,4-டி என்பதும், தாவரத்தின் வளர்ச்சி ஓமோனைப்போல நடிப்பவை. அகன்ற இலையுடைய இருவித்திலைத் தாவரங்கள் அந்நடிப்பினால் ஏமாந்து, கட்டுக்கடங்காது முறுகி வளர்ந்து மடிகின்றன. நெல், கோதுமை, சோளம் முதலிய புல்லினத் தாவரங்கள் அதனைத் தாங்கிக்கொள்கின்றன. ஆதலின் நெல்லுக்கும் கோதுமைக்கும் களைக்கொல்லி கிடைத்தமை எளிதாயிற்று. கடலையோ பயற்றையைப்போல இருவித்திலைத் தாவரம். சக்கரவர்த்திக்கீரையும் அத்தகையதே, விசியாக்கொடியோ கடலைக்கு நெருங்கிய சுற்றம். சுற்றத்துள் ஒளிந்த பகைவனைத் தனித்தெடுத்துத் தாக்குவது அரிதன்றோ? கடலைக்குக் களைக்கொல்லி தேடுவதிலுள்ள இடர்ப்பாடு முழுவதும் இவ்வொன்றிலேயே அடங்கியிருக்கின்றது.

இவ்விடர்ப்பாட்டைக் கடக்க ஆராய்ச்சியாளர் மூன்று வழிகளைக் கையாண்டுள்ளனர்.

முதல் வழி, இடத்தாற் பிரித்தல். பெண்டிமெத்தலின் என்னும் மருந்து 1970களிற் பயன்பாட்டுக்கு வந்தது. முளைக்கும் விதையின் வேரிலும் குருத்திலும் கலப்பிரிவு நிகழாது தடுப்பது இதன் தொழில். நீரிற் பெரிதும் கரையாத தன்மையினால், தெளித்த இடத்தை விட்டு ஆழச் செல்லாது, மண்ணின் மேற்பரப்பிலே மெல்லியதொரு படையாகத் தங்கிவிடும். பெரும்பாலான களைகளின் நுண்விதைகள் அம்மேற்படையிலேயே முளைப்பதால் அழிகின்றன. கடலைவிதையோ பருத்தது, இரண்டு மூன்று அங்குல ஆழத்திற் புதைக்கப்படுவது. அதன் வேர் மருந்துக்குக் கீழே பாதுகாப்பாக இறங்குகின்றது. எனவே விதைத்த 3 நாளுக்குள், முளை வெளிவருமுன், ஈரமண்ணின்மேல் தெளித்தல் வேண்டும். விதையை மேலாக இட்டாற் கடலையும் பாதிக்கப்படும். மேல்மண் காய்ந்திருந்தால் மருந்து வெயிலிலும் காற்றிலும் வீணாகும். இந்தியாவிலே கடலைக்கு மிகுதியாகச் சிபார்சு செய்யப்படுவது இதுவே.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஹெக்டேயருக்கு 0.75 முதல் 1 கிலோகிராம் என்று சிபார்சிற் கூறப்படுவது தாக்கும் பொருளின் நிறையேயன்றிப் போத்தலில் உள்ள திரவத்தின் அளவன்று. 30 வீதத் திரவமாயின், 1 கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3.3 லீற்றர் தேவைப்படும். இவ்வேறுபாட்டை அறியாமையால், குறைய இட்டுக் களையை வளர்த்தோரும் உளர். கூட இட்டுப் பயிரைக் கெடுத்தோரும் உளர். போத்தலில் ஒட்டிய சுட்டியை வாசிக்கத் தெரிதலும் எழுத்தறிவின் ஒரு பயனாகும்.

இரண்டாம் வழி, குலத்தாற் பிரித்தல். குவிசாலொபொப், கிளெத்தோடிம் முதலிய மருந்துகள், புல்லினத் தாவரங்களிலே கொழுப்பமிலங்களை ஆக்கும் நொதியம் ஒன்றை முடக்குகின்றன. இருவித்திலைத் தாவரங்களில் அந்நொதியத்தின் அமைப்பு வேறானதாகையால் கடலைக்கு ஊறில்லை. முளைத்து எழுந்த புல்லின்மேல் இவற்றைத் தெளிக்கலாம். ஆனால் அகன்ற இலைக் களைகளை இவை தீண்டுவதில்லை. கோரையும் புல்லைப்போலத் தோன்றினும் புல்லினமன்று, ஆதலால் அதுவும் தப்பிவிடும்.

மூன்றாம் வழி, பயிரின் தாங்கும் திறனை நம்புதல். இமாசெத்தாபைர் என்னும் மருந்து, அமினோவமிலங்கள் சிலவற்றை ஆக்கும் நொதியத்தைத் தடுப்பது. சோயா அவரையும் நிலக்கடலையும் அம்மருந்தைத் தம்முள் விரைந்து சிதைத்துத் தப்பிவிடும். கொண்டைக்கடலைக்கு அத்திறன் போதாது. தெளித்தால் இலை மஞ்சளாகி, வளர்ச்சி குன்றி, பூப்பு தாமதிக்கும். அகன்ற இலைக் களைகள் முளைத்த பின்னர்க் கடலைக்குத் தீங்கின்றித் தெளிக்கத்தக்க மருந்துகள் மிகச் சிலவே. இக்குறை அறிவியலின் முன் இன்றும் நிற்கின்றது.

மருந்து மாறாவிடிற் பயிரை மாற்றலாமே என்று எண்ணினர் அறிஞர். ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செருவில் 1972இல் நிறுவப்பட்ட அரைவறள் வெப்பவலயப் பயிர்களுக்கான அனைத்துலக ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தோரும் பிறரும், 300 கடலை வகைகளை எடுத்து, இமாசெத்தாபைர், மெற்றிபுசின் ஆகிய மருந்துகளைத் தெளித்துப் பார்த்தனர். 2013இல் முடிவை வெளியிட்டனர். சில வகைகள் முற்றாகக் கருகின. சில ஏறக்குறைய வாடாமல் நின்றன. அவ்வாறு நின்றவற்றைக் கொண்டு நல்லினங்களை ஆக்கும் முயற்சி நடைபெறுகின்றது. கனடாவின் சசுக்காச்சுவான் பல்கலைக்கழகத்தார், அந்நொதியத்தில் ஏற்பட்ட ஒரு நுண்ணிய மாற்றத்தாலே அவ்வகை மருந்துகளைத் தாங்கும் கடலையினங்களை ஏற்கெனவே வெளியிட்டுள்ளனர்.

இத்துணையும் கேட்ட நேயர்கள், களைக்கொல்லி விளைச்சலைக் கூட்டுமா என்று கேட்கலாம். கூட்டாது. உரம் பயிருக்கு ஊட்டுவது. களைக்கொல்லி பயிருக்கு ஒன்றும் ஊட்டுவதில்லை. பயிர் தானாகத் தரக்கூடியதைக் களை பறிக்காது காப்பது மட்டுமே அதன் பணி. களையில்லா வயலில் அதனைத் தெளிப்பது, கள்வனில்லாத ஊரிற் காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பதை ஒக்கும். அன்றியும் பெண்டிமெத்தலினின் காவல் ஒரு மாதத்துக்குச் சற்று அதிகம் நீடிக்கும், பின்னர் தளர்ந்துவிடும். முற்கூறிய இக்கட்டான காலமோ 60ஆம் நாள்வரை தொடர்வது. ஆகையால், விதைத்தவுடன் மருந்தும், 30, 35ஆம் நாளில் ஒருமுறை கையாலோ கொத்தாலோ களையெடுப்பும் சேர்ந்தபோது, இருமுறை கைக்களை எடுத்ததற்கு நிகரான விளைவு கிடைத்தமை பல வயற்சோதனைகளில் தெரியவந்துள்ளது. மருந்து தனித்து நின்று அவ்வளவு சாதிக்கவில்லை. கையின் வேலையில் ஒரு பாதியை அது குறைக்கின்றது, கையை நீக்கிவிடவில்லை.

நீக்கிவிட முயன்றோர் பெற்ற பாடமும் உண்டு. பஞ்சாப், அரியானா மாநிலங்களின் கோதுமை வயல்களில், பலாரிசு என்னும் புல்லை அழிக்க ஐசோபுரொத்தூரன் என்ற ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தனர். 1990களின் தொடக்கத்தில் அப்புல் அம்மருந்துக்கு அடங்க மறுத்தது. தன் பயிரை மாட்டுத்தீவனமாக அறுத்துவிட்ட உழவரும் உண்டு. இது மந்திரமன்று. இலட்சத்தில் ஒரு செடி இயல்பாகவே மருந்தைத் தாங்கும் தன்மையோடு பிறக்கின்றது. ஏனையவை மடிய, அது மட்டும் விதை உதிர்க்கின்றது. மறு ஆண்டும் அதே மருந்து. மறுபடியும் அதன் மக்களே எஞ்சுவர். சில பருவங்களில் வயல் முழுதும் அதன் வழித்தோன்றலே. மருந்து அச்செடியைப் படைக்கவில்லை, தெரிந்தெடுத்து வளர்த்துவிட்டது. அவுஸ்திரேலியாவின் இறைப்புல்லும், நம் நாட்டு நெல்வயல்களிலே புரோப்பனிலுக்கு அடங்காது போன குதிரைவாலி இனத்துப் புல்லும் இவ்வழி வந்தவையே.

எனவே கடலை விளைவிக்கும் அறிவுடைய உழவர் மருந்தோடு வேறு பலவற்றையும் கூட்டுகின்றனர். கோடையில் ஆழ உழுது கிழங்குகளை வெயிலிற் காய்ச்சுவர். விதைக்குமுன் களையை முளைக்கவிட்டு, முளைத்ததை உழுது அழித்துப் பின் விதைப்பர். களைவிதை கலவாத நல்விதையைத் தேர்வர். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் கடலையே இடாது, கோதுமையோ கடுகோ மாற்றி இடுவர். பயிரை மாற்றினால் மருந்தும் மாறும். மருந்து மாறினால் அடங்காத களைக்கு அவகாசம் குறையும். எனினும் ஒரு பயிருக்கு இட்ட மருந்து அடுத்த பயிருக்குப் பகையாகாதவாறு பார்த்தல் வேண்டும். இமாசெத்தாபைர் போன்றவை சில மண்களிற் பல மாதம் தங்கி, பின்வரும் பயிரைத் தாக்குவதுண்டு.

நம் நாட்டிற் கடலை விளையாதெனினும், வன்னிப் பெருநிலத்தில் உழுந்தும் பயறும் கௌபியும் விளைகின்றன. அவையும் இருவித்திலைப் பயிர்களே, குட்டையானவையே, மண்ணின் ஈரத்தை நம்பியவையே. கடலைக்குக் கூறியதன் சாரம் அவற்றுக்கும் பொருந்தும். மருந்தின் பெயரையும் அளவையும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். என் பேச்சைக் குறிப்பெடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லவேண்டாம். தெளிக்கும்போது கையுறையும் முகமூடியும் அணியுங்கள். காற்றுக்கு எதிர்நின்று தெளியாதீர்கள். நெல்லுக்குத் தெளித்த கருவியை உழுந்துக்கும் பயற்றைக்கும் எடுக்காதீர்கள். முடிந்தால் களைக்கொல்லிக்கெனத் தனிக்கருவி வைத்திருங்கள். இதனை நான் கூறுவது ஏட்டறிவினாலன்று, 8 பாத்திகளை இழந்த அறிவினால்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரங்களினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி நம் நாட்டிலே திடீரென நிறுத்தப்பட்டதனையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை மீளப் பெறப்பட்டதனையும் கமக்காரர் மறந்திரார். மருந்தையே முழுதும் நம்பிய வயல், மருந்து வராத பருவத்திற் திகைத்து நின்றது. ஆண்டுதோறும் ஒரே மருந்தைக் கண்மூடித் தெளித்தவன் வயலும் ஒருநாள் அவ்வாறே திகைத்து நிற்கும். இரண்டிடத்தும் கைவிட்டது ஒன்றே: களையை நாள்தோறும் கண்டு, அதன் குலம் இதுவென அறிந்து, காலம் தவறாது செயற்படும் கமக்காரனுடைய கண். மருந்துக்குப் பயிரும் தெரியாது, களையும் தெரியாது. அறியவேண்டியவன் அவனே.

அன்று மாணவி கொணர்ந்த அக்கரிய விதையைச் சிறு குப்பியிலிட்டு விவசாய அறையில் வைத்திருக்கின்றோம். அதன் கீழே பெயரை எழுதி ஒட்டியவளும் அவளே. அடுத்த நவராத்திரிக்குக் கடலை புடைக்கும் மாணவர், எதனை நீக்குகின்றோம் என்று அறிந்தே நீக்குவர்.